ஏழாவது டேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். பயமெல்லாம் கிடையாது, வெறும் எரிச்சல்தான். என் தொழில் சத்தம். கிழக்குத் தாம்பரத்தில் வீட்டு மாடியறையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், விளம்பரக் குரல், கிறிஸ்துமஸ் பாட்டு, ஐயப்பன் பாட்டு என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன், எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை குன்றத்தூரிலிருந்து ஒரு குடும்பம் போனில் ஒரு பதிவைக் கொண்டுவந்தார்கள், வீட்டுக்குள் கொலுசுச் சத்தம் கேட்கிறதாம், பரிகாரத்துக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டார்களாம். நான் ஹெட்போனை மாட்டி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "உங்க வாட்டர் ஃபில்டர் மோட்டாரை மாத்துங்க சார்" என்று அனுப்பிவைத்தேன். மாற்றினார்கள், கொலுசும் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

இருபது வருடத்துக்கும் முன்னால் எங்களுக்கு ஒரு ராக் பேண்ட் இருந்தது. பெயர் 'கடைசி லோக்கல்'. லோக்கல் ரயிலிலேயே வளர்ந்த தாம்பரத்துப் பையன்களுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? நான் கீபோர்டு. பாட்டு எழுதி, கிதார் வாசித்துப் பாடியவன் செல்வின், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். சேலையூரில் வீடு, அப்பா அம்மா இரண்டு பேரும் ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சர்ச் பாடகர் குழுவில் டெனர் குரலில் பாடுவான், மற்ற ஆறு நாளும் எங்களோடு சேர்ந்து கத்துவான். டிரம்ஸும் பேஸும் வாசித்த இரண்டு பேரும் கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள், அவர்களுக்கு இந்த விஷயத்தில் பங்கில்லை.

புதுப் பாட்டு ஒன்று உருவானால் அதை முதலில் செல்வின் வீட்டு மாடியில் டெமோவாகப் பதிவு செய்வோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயில், ஒரு கிதார், ஒரு மைக், ஒரு கேசட் ரெக்கார்டர், அவ்வளவுதான். ஃபேன் ஓடினால் மைக்கில் காற்று இரையும், அதனால் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து ஃபேனை அணைத்துவிட்டு, "ஃபேன் ஆஃப், டேக் ஒண்ணு" என்று மைக்குக்குக் கேட்கும்படி சொல்வேன். செல்வின் வாயால் நன்றாக ஒரு மூச்சு இழுப்பான், அது அப்படியே டேப்பில் விழும், பிறகு பாடுவான். பாட்டு முடிந்த அடுத்த நொடி, "டேய், ஃபேனைப் போடுங்கடா, சாவடிக்காதீங்க" என்பான். அதுவும் டேப்பில் விழும். விமானப்படைப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் அதுவும், கீழே அவன் அம்மா வைத்த குக்கர் விசிலும்தான்.

பிறகு அந்தப் பாட்டுகளையெல்லாம் ஒழுங்காக ஸ்டூடியோவில் ஆல்பமாகச் செய்தோம். செய்தோம் என்ன, செய்தேன். இசைக்கோர்ப்பு முழுக்க நான். எட்டு மாதம் தூக்கமில்லாமல் உழைத்தேன். வயலின் சேர்த்தேன், கோரஸ் சேர்த்தேன், செல்வின் குரலை மூன்று அடுக்காகப் போட்டேன், சுருதி விலகிய இடங்களை எல்லாம் இழுத்துச் சரிசெய்தேன். கடைசியாக ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவன் இழுக்கிற மூச்சுகளை வெட்டி எடுத்தேன், ஒன்று விடாமல், உட்கார்ந்து, பொறுக்கிப் பொறுக்கி. செல்வின் அப்போதே சொன்னான்.

"மச்சான், எதை வேணும்னாலும் பண்ணு, மூச்சை மட்டும் வெட்டாதடா. அது இல்லன்னா வேற யாரோ பாடுற மாதிரி இருக்கு."

"உனக்கு இதெல்லாம் புரியாது, விடு" என்றேன் நான். பெரிய மேதை இல்லையா.

ஆல்பம் வந்தது. கேட்டவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "டெமோ இன்னும் நல்லா இருந்துச்சு." அந்தக் காலத்தில் கல்லூரி விழாக்களில் டெமோவை நகல் எடுத்துக் கொடுத்திருந்தோம், அது எங்களுக்கே வினையாக முடிந்தது. இன்றைக்கு வரைக்கும் இந்தத் தொல்லை ஓயவில்லை. சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் மாதம் ஒரு தடவை கூப்பிட்டு, "சார், அந்த டெமோ எங்கயாவது கிடைக்குமா? என் காப்பி பூஞ்சை பிடிச்சிடுச்சு சார். அதுல ஒரு உயிர் இருக்கும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன உயிர்? குக்கர் விசில் உயிரா? கிதாரில் ஒரு கம்பி தவறான சுருதியில் இருக்கும், அது உயிரா? எட்டு மாதம் ஒரு மனிதன் மெனக்கெட்டுச் செய்ததை விட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் வியர்வை வழியப் பதிவு செய்ததைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். வீடு கட்டி முடித்த கொத்தனாரிடம் வந்து, அந்தச் செங்கல் குவியல் அழகாக இருந்ததே, அது எங்கே என்று கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

சரி, டெமோ கேசட்டுகள் எங்கே போயின என்றால், அதற்கும் காரணம் நான்தான். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் செல்வினின் பாடகர் குழுவுக்கு வெற்று கேசட்டுகள் தேவைப்பட்டன. பெண்களில் உச்சக்குரல் பாடுகிற சொப்ரானோவுக்கு ஒன்று, கீழ்க்குரல் பாடுகிற ஆல்ட்டோவுக்கு ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை ஆர்மோனியத்தோடு பதிவு செய்து கொடுப்பார்கள், வீட்டில் போட்டுப் பழகுவதற்கு. நான் ஒரு செருப்புப் பெட்டி நிறைய கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். தப்பான பெட்டி. கேசட்டின் மேல்விளிம்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற எவனும் முதலில் அதைத்தான் உடைப்பான். நான் ஒன்றைக்கூட உடைக்கவில்லை, பிற்பாடு உதவுமே என்று. உதவியது, ஆல்ட்டோக்களுக்கு.

அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஆல்பம்தான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். சில வருடம் கழித்து செல்வினுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துக்கொண்டான், பள்ளிக்கரணையில் மனைவி மகளோடு நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் கழுத்தில் ஒரு துளை, மூச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. வாயில் குரலும் இல்லை, மூச்சும் இல்லை. கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள், அதன் சத்தம் பிடிக்கவில்லை என்று அலமாரியில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் போனில் தட்டித்தான் சொல்கிறான். அறுவை சிகிச்சை நடந்தபோது அவன் மகள் ஜெனிக்கு மூன்று வயது.

ஜெனிக்கு இப்போது பத்தொன்பது. போன வருடம் ஒரு நாள் கல்லூரி விட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள், அப்பா குரலைக் கேட்க வேண்டும் என்று. வீட்டில் எதுவும் இல்லையாம். கல்யாண வீடியோ, ஞானஸ்நான வீடியோ எல்லாவற்றிலும் எடுத்த ஆள் மேலே பாட்டைப் போட்டு மூடிவிட்டிருக்கிறார், அப்பா வாயசைக்கிறார், பாட்டு ஓடுகிறது. நான் பெருமையாக ஆல்பத்தைப் போட்டேன். இரண்டு பாட்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. இது அப்பாவா? மெஷின் மாதிரி இருக்கு."

அவளிடம் நான் என்ன சொல்ல? அந்தக் குரலில் அவள் அப்பா விட்டுவைத்திருந்ததையெல்லாம் வெட்டிக் குப்பையில் போட்டது நான்தானே. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும், ஜெனி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் ஒரு கேசட். சர்ச்சில் பழைய அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஆர்மோனியப் பெட்டிக்குள் கிடைத்ததாம். அட்டையில் ஆல்ட்டோ என்று யாரோ எழுதியிருந்தார்கள், அதற்குக் கீழே பாதி கிழிந்த லேபிளில் என் கையெழுத்தில் பாட்டின் பெயர்: 'பாலத்துக்குக் கீழே. டெமோ. ஆறு டேக். ஆறாவது ஓகே.'

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், பிற்பாடு நீங்கள் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். கேசட் டெக்கிலிருந்து கம்பி நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது, டேப்பில் ஓடுவதெல்லாம் அதில் ஒரு கோப்பாகப் பதிவாகும். மைக் எதுவும் செருகவில்லை. என்னிடம் இருந்த மைக்குகள் எல்லாம் பெட்டியில், பெட்டி பீரோவில், பீரோ கீழ் வீட்டில். கம்ப்யூட்டரிலேயே மைக் இருக்குமே என்பீர்கள், அதில் கிடையாது. ஏசி பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. டேப்பின் இரைச்சலுக்குள் எதையாவது பிடிக்க வேண்டுமே என்று பழைய பழக்கத்தில் ஃபேனை அணைத்தேன். ஜெனி ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

போட்டேன். ஆர்மோனியம். "ஆல்ட்டோ மட்டும், மறுபடியும்" என்று ஓர் அம்மாவின் குரல். இருபத்தைந்து நிமிடம் இதுவேதான். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன், ஆல்ட்டோ, ஆல்ட்டோ, ஆல்ட்டோ. திருப்பிப் போட்டேன், மறுபக்கமும் அதே. வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, அந்தப் பெண் டெக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு என் கையையே முறித்துப் போடலாம் போல இருந்தது. ஒரு துண்டுப் பிளாஸ்டிக்கை உடைக்கச் சோம்பேறித்தனம், அதற்கு ஒரு பெண் தன் அப்பாவின் குரலை இழக்க வேண்டுமா?

டேப் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆர்மோனியம் பாதியில் டக்கென்று அறுந்தது. அவர்கள் பதிவை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கடியில் மிச்சமிருந்தது வெளியே வந்தது. கிதார், ஒரே ஒரு கிதார். செல்வின் கடைசி வரிக்கு வந்திருந்தான். "நின்னு பேச நேரமில்ல..." ஒரு மூச்சு, வாயால் இழுத்த மூச்சு. "...நிக்காமப் போக மனசில்ல." ஒரு இருமல். "டேய், ஃபேனைப் போடுங்கடா, சாவடிக்காதீங்க." அவ்வளவுதான், இருபத்திரண்டு நொடி. அதைக் கேட்டபோதுதான் இத்தனை வருடமாக ஆட்கள் எதைக் கேட்டு என்னை அரித்தார்கள் என்று எனக்கு உறைத்தது. என் ஆல்பத்தில் பாட்டு இருந்தது. இதில் ஆள் இருந்தான்.

ஜெனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "அங்கிள், அப்பாவா?"

"அப்பாதாம்மா."

"இவ்ளோ மெலிசா இருக்குமா?"

நான் தலையாட்டினேன். டேப் வெறும் இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. ஆறு டேக்தான், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு ஆறாவதோடு கரண்ட் போய் நாங்கள் பரோட்டா சாப்பிடக் கிளம்பிவிட்டோம். நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன்.

"ஃபேன் ஆஃப். டேக் ஏழு."

என் குரல். கையை நீட்டியபடியே நின்றுவிட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. என் குரல்தான், ஆனால் அந்த இருபத்து நான்கு வயதுக் குரல் இல்லை. போன வருடம் எனக்கு முன்பல் ஒன்று விழுந்தது, அதிலிருந்து 'ஃபேன்' என்று சொன்னால் காற்று கசியும், என் மனைவி கேலி செய்துகொண்டே இருப்பாள். டேப்பில் அந்தக் காற்று கசிந்தது.

பிறகு செல்வின் மூச்சை இழுத்தான். அவனோடு இருநூறு தடவை பதிவு செய்திருக்கிறேன், அவ்வளவு நீளமாக அவன் மூச்சு இழுத்து நான் கேட்டதே இல்லை. ரொம்ப நாளாக மூச்சே கிடைக்காதவன் இழுப்பதுபோல இழுத்துக்கொண்டே போனான். பிறகு பாடினான். முழுப் பாட்டும் பாடினான். குக்கர் இல்லை, விமானம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு. எனக்கு ஓடவும் தோன்றவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. இதற்கு வயலினே தேவையில்லையே என்று ஒரு எண்ணம் வந்தது, அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது என்றால் பாருங்கள்.

பாட்டு முடிந்தது. கிதார் கம்பியில் கை தேய்கிற சத்தம். பிறகு செல்வின், ரொம்பச் சாதாரணமாக, "ஜெனி, ஃபேனைப் போடும்மா" என்றான்.

ஜெனி எழுந்து ஃபேனைப் போட்டாள். வீட்டில் யாராவது சொன்னால் எப்படிப் போடுவாளோ அப்படி. போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது, விரல் ஸ்விட்ச் மேலேயே இருக்க என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேலே என் ஃபேன் வழக்கம்போல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'கீச்' போட்டுக்கொண்டு சுற்றியது. டேப் தீர்ந்து, பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

"அங்கிள், அப்பா என் பேரைச் சொன்னாரு" என்றாள்.

"ஆமா" என்றேன். அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது செல்வினுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

பின்னுக்கு ஓட்டிப் போட்டேன். ஆறாவது டேக்கின் அந்த இருபத்திரண்டு நொடி இருந்தது. அதற்குப் பிறகு இரைச்சல். மறுபடி போட்டேன், இரைச்சல். டெக்கைத் தட்டினேன், டேப் உரசுகிற அதன் ஹெட்டைத் துடைத்தேன், கேசட்டைப் பென்சிலால் சுற்றி இறுக்கினேன். "இன்னொரு தடவை போடுங்க அங்கிள், ப்ளீஸ்" என்று ஜெனி அழ ஆரம்பித்துவிட்டாள், பயந்து அழவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பதினைந்து தடவை போட்டிருப்பேன். கம்ப்யூட்டரில் அலைக்கோட்டைப் பார்த்தால் ஆர்மோனியம் மலை மலையாக இருக்கிறது, அந்தத் துண்டு இருக்கிறது, அதற்கப்புறம் தட்டையாக ஒரு கோடு. எத்தனையோ பேருடைய உளறலையெல்லாம் அட்சரம் பிசகாமல் பதிவு செய்து கொடுத்தவன் நான், என் வாழ்க்கையில் பதிவு செய்திருக்க வேண்டிய ஒன்றே ஒன்று என் கண் முன்னாலேயே பதிவாகாமல் போனது. மேசையை ஓங்கிக் குத்தினேன், கை வீங்கியதுதான் மிச்சம்.

சத்தம் கேட்டு மேலே வந்த என் மனைவியிடம் சொன்னேன். "ஃபேன் இல்லாம இந்த வெயில்ல உக்காந்தா மண்டை காயாம என்ன ஆகும்? ரெண்டு பேரும் கீழ வந்து மோர் குடிங்க" என்றாள். இரண்டு மண்டையும் ஒரே பாட்டையா கேட்கும் என்று நான் கேட்டதற்கு, மோரில் உப்புப் போடவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே கீழே இறங்கிப் போனாள்.

கிளம்புவதற்கு முன் அந்த இருபத்திரண்டு நொடியை ஜெனியின் போனுக்கு மாற்றினேன். இருமலையும் இரைச்சலையும் கொஞ்சம் குறைக்கலாமே என்று என் கை தானாக மௌஸுக்குப் போயிற்று. "எதையும் எடுத்துடாதீங்க அங்கிள்" என்றாள். எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் செல்வினிடமிருந்து செய்தி வந்தது. 'ஜெனி சொன்னா. ஆறு டேக்தானே எடுத்தோம்?'

'ஆமா' என்று போட்டேன்.

தட்டுகிறான், நிறுத்துகிறான், தட்டுகிறான். பிறகு வந்தது. 'ஏழாவதுல மூச்சு இருந்துச்சா?'

'இருந்துச்சு மச்சான்.'

'வெட்டிடாத.'



இத்தோடு முடிந்திருந்தால், சரி, மனைவி சொன்னதுபோல வெயில் என்று நானும் விட்டிருப்பேன். அடுத்த நாள் அந்தக் கோப்பைக் கடைசி வரைக்கும் ஓடவிட்டேன். தட்டையான கோட்டின் முடிவில் ஸ்விட்ச் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஃபேன். சுற்றுக்கு ஒரு 'கீச்'. என் அறையில், என் தலைக்கு மேல் ஓடுகிற அதே ஃபேன். மைக் இல்லை என்று சொன்னேன் அல்லவா? கம்பியே சில நேரம் மைக் மாதிரி வேலை செய்யும் என்பார்கள், அதையும் சோதித்தேன். கம்பியை மாற்றினேன், டெக்கை மாற்றினேன், தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வாய்ப்பே இல்ல சார், நீங்க மைக்கை மறந்திருப்பீங்க" என்றார். நான் குன்றத்தூர்க்காரர்களிடம் எப்படிப் பேசினேனோ அதே தோரணை. அவரைத் திட்டவும் முடியவில்லை.

வால்யூமை ஏற்றினால் அந்த ஃபேன் சத்தத்துக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. பாடி முடித்த ஒருவன் வாயால் மூச்சு வாங்குகிறான். முதல் நாள் கேட்டபோது வேக வேகமாக, மேலும் கீழும் வாங்கியது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டேன், அதே கோப்பு, அதே நீளம், மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தது. போன வாரம் கேட்டபோது நன்றாக இளைப்பாறிவிட்டு, அடுத்ததற்குத் தயாராக உட்கார்ந்திருப்பவனுடைய மூச்சாக இருந்தது.

இப்போதெல்லாம் மதியத்தில் தனியாக அறையில் இருக்கும்போது ஃபேனை அணைக்கிறேன். 'டேக் எட்டு' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடுகிறது. இன்னும் சொல்லவில்லை. சொல்லி, அவன் பாடாமல் போய்விட்டால் ஜெனிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?